பத்துக் குழாய், ஒரே தொண்டை

ஏரிமேட்டில் தாட்சாயணியை யாருக்கும் பிடிக்காது. கொரோனா வந்த வருஷத்தில்தான் அப்படி ஆயிற்று என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. பால் அளக்க உட்கார்ந்தவளை எந்த ஊருக்குப் பிடித்திருக்கிறது? முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு "வாக்கா, போக்கா" என்றார்கள். அந்த வருஷம் பல்லைக் கடிப்பதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

வரதய்யபாளையத்திலிருந்து தடாவுக்குப் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே ஒன்றரை மைல் நடந்தால் ஏரிமேடு, ஆந்திர எல்லைக்குள்ளே இருக்கிற தமிழ் ஊர். நாற்பத்திரண்டு வீடு. முன்னே அங்கே ஒருவருக்கும் கையகல நிலம் கிடையாது. சர்க்கார் பட்டா கொடுத்தது. பட்டா வந்த சூடு ஆறுவதற்குள் கம்பெனிகள் வந்து நிலத்தை வாங்கிக்கொண்டன. கிடைத்ததில் ஆண்கள் பைக் வாங்கினார்கள். பெண்கள் சண்டை போட்டு, சோறாக்காமல் படுத்துக் கிடந்து, எருமை வாங்க வைத்தார்கள். அப்புறம் ஆண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனார்கள். எருமை வீட்டில் நின்றது. ஊரைத் தாங்கியது அந்த எருமைகள்தான், ஆனால் யாரைக் கேட்டாலும் பஸ்ஸைத்தான் காட்டுவார்கள்.

தாட்சாயணி நகரியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளுடைய நைனா பவர்லூம் ஓட்டினார். ஆறாவதோடு பள்ளியை நிறுத்தி அவளையும் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். தறியில் இறங்கிய துணியை வெளிச்சத்தில் விரித்து, அறுந்த இழை எங்கே, பிசிறு எங்கே என்று பார்ப்பது அவள் வேலை. பன்னிரண்டு தறி ஓடுகிற இடத்தில் பேசினாலும் யார் காதிலும் விழாது. அதனால் அவள் பேசவே பழகவில்லை. பார்க்க மட்டும் பழகினாள். கல்யாணமாகி வந்த புதிதில் "வேதாசலம் ஊமைச்சியை கட்டிக்கினு வந்துட்டான்" என்று ஊர் சிரித்தது. டெய்ரிக்காரர்கள் வந்து, எண் படிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்றபோது அந்த ஊமைச்சிதான் கிடைத்தாள்.

பன்னிரண்டு வருஷம் அவள் செய்த வேலை இதுதான். காலையில் ஆறு மணி, சாயங்காலம் ஐந்தரை. வரிசையாகச் சொம்பு வரும். ஒவ்வொரு சொம்பிலிருந்தும் ஒரு கரண்டி சாம்பிள் எடுத்து உயரமான குவளையில் ஊற்றுவாள். கண்ணாடி மீட்டரை அதில் மிதக்க விடுவாள். இருபத்தெட்டுக்கு மேலே நின்றால் நல்ல பால். கீழே போனால் தண்ணீர், விலையும் குறையும். எண்ணை வாய்விட்டுச் சொல்லி நோட்டில் எழுதுவாள். சொம்புக்காரி முறைப்பாள். அப்புறம்தான் பால் பெரிய கேனுக்குப் போகும்.

சாம்பிள் பாலைத் திருப்பிக் கொடுப்பதில்லை. அதற்கு ஊரில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முழுகாமல் இருக்கிறவளோ பிள்ளை பெற்றவளோ எந்த வீட்டில் இருக்கிறாளோ, அந்த வருஷம் சாம்பிள் பால் அவளுக்கு. அவளே பால் சென்டருக்கு வர வேண்டும். தாட்சாயணி காய்ச்சி, சர்க்கரை போட்டு, கையில் கொடுத்து, குடித்து முடிக்கிற வரையில் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் புருஷன் குடித்துவிடுவான் என்பதால் வந்த வழக்கம் அது.

2020-ம் வருஷம் அந்தப் பால் ஹரிதாவுக்கு. ஹரிதா, சுந்தரம்மாவின் மருமகள், சிரஞ்சீவியின் பெண்டாட்டி. ஆடி மாசத்தில் அவளுக்கு ஒன்பது மாதம். ஒரு கை இடுப்பில், ஒரு கை டம்ளரில், ஊதி ஊதிக் குடிப்பாள். "இன்னாக்கா, தெனம் சர்க்கரைய கம்மி பண்ணிக்கினே வரே" என்பாள். ஊரில் தாட்சாயணியிடம் சிரித்துப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

பக்கத்து ஊரில், அதே கம்பெனி பஸ்ஸில் போகிற ஒருவனுக்கு நோய் என்று தெரிந்தது. அவனுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கம்பெனி வாசலில் எடுத்த டெஸ்ட்டில் தெரிந்தது. இரண்டு நாளில் உத்தரவு வந்தது. ஏரிமேட்டில் அதிகம் பேரோடு பழகுகிற பதினொரு பேர் டெஸ்ட்டுக்கு வர வேண்டும், உடம்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வர வேண்டும். வராவிட்டால் ரோட்டில் கம்பு கட்டுவார்கள், பால் வேனும் கம்பெனி பஸ்ஸும் உள்ளே வராது. ஐம்பது வீட்டுக்கு ஒருத்தி என்று சர்க்கார் வைத்திருந்த வாலண்டீர் சுலோசனா பட்டியலோடு வந்தாள். கம்பெனி போகிறவர்கள், பால் ஊற்றுகிறவர்கள், பிள்ளைத்தாச்சி, முதல் பெயராகத் தாட்சாயணி.

அன்று சாயங்காலம் ரமணா பால் சென்டருக்கு வந்தான். பழைய வார்டு மெம்பர். பதவி போய் ஏழு வருஷம் ஆகியும் வெள்ளைச் சட்டை போகவில்லை. பட்டியலில் அவன் பெயரும் இருந்தது.

"அண்ணி, நல்ல யோசனை ஒண்ணு வந்துகீது" என்றான். "டெஸ்ட்டுக்கு போலன்னா வேன் நிக்கும். போயி எவனுக்காச்சும் இருக்குதுன்னு வந்தா அப்பவும் வேன் நிக்கும், பதினாலு நாளைக்கு. ரெண்டு பக்கமும் இடிச்சா நடுவுலதானே போவணும்? நம்ம சிரஞ்சீவிக்கு போன வாரம்தான் கம்பெனில எடுத்தாங்க. இல்லன்னு வந்துச்சி. பதினோரு குழாய்லயும் அவன் தொண்டையவே காட்டிட்டா போச்சி."

தாட்சாயணி கேனை மூடிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை.

"குழாய் மேல நம்பர்தான் அண்ணி, பேரே இல்ல. இந்தத் திண்டாட்டத்துல தலையிலேந்து கால் வரைக்கும் பிளாஸ்டிக் போத்திக்கினு நிக்கிறவன் மூஞ்சிய பாப்பானா? சுலோசனா கண்டுக்க மாட்டா. அவளுக்கு கணக்குல பதினொண்ணு வந்தா சரி."

வரிசையில் நின்ற சுந்தரம்மா ஒத்து ஊதினாள். "நல்லா கீறவங்க மூக்குல குச்சி வுட்டு நோய் தேடறானுங்க. கெணத்துல குதிச்சி பாம்பு தேடற மாரி. எம் மருமவ வாயில குச்சி வுட வுடமாட்டேன். ஒம்போது மாசம். ஓங்கரிச்சா என்னா ஆவறது?"

"போன வாரத்துப் பால காட்டிட்டு இந்த வாரத்துப் பால ஊத்தினா நான் எடுத்துக்குவனா அத்தே?" என்றாள் தாட்சாயணி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். "கெட்ட பால மீட்டர் போட்டு பாக்க வேணாம். அது தானே திரிஞ்சி காட்டும். பாக்க நல்லா கீற பாலத்தான் தெனம் பாக்கறோம்."

"மனுஷனும் பாலும் ஒண்ணா?" என்றான் ரமணா. "பால் திரிஞ்சா கொட்டலாம். வேல போனா நீ சோறு போடுவியா? வேதாசலம் அண்ணன் தடா குடோன்ல காவலுக்கு கீறாரு, அங்கயே துன்னு அங்கயே தூங்கறாரு. உனுக்கு இன்னா கவல?"

வேலையைப் பற்றி அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. டெஸ்ட்டில் பெயர் வந்தவனுக்குக் கம்பெனியில் பதினான்கு நாள் கூலி கிடையாது, காண்டிராக்டு ஆளாக இருந்தால் அதற்குப் பிறகும் வேலை இருக்கும் என்று சொல்ல முடியாது. தாட்சாயணிக்கும் அது தெரியும். அவள் குனிந்து கேனைத் துடைத்தாள். ஆனால் ரமணா "உன் பேருக்கும் அவனே குடுப்பான், நீ வர வேணாம்" என்றபோது மட்டும் தலையை நிமிர்த்தினாள்.

"எனுக்கு நானே குடுத்துக்கறேன்."

"ஏண்டி, உனுக்கு இருக்குதுன்னு வந்தா ஊரே நாறிப்பூடுமே!" என்றாள் சுந்தரம்மா.

"என் கையாலதான் அத்தே ஹரிதா தெனம் பால் குடிக்கிறா. எனுக்கு இருக்குதா இல்லியான்னு தெரிய வேணாமா?"

"ஓ! எம் மருமவளுக்கு நீ நோய் ஊட்டறியா, அத்த சொல்லு மொதல்ல!"

ரமணா சிரித்தான். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு சொன்னான். "அண்ணி, இந்த வித்தைய ஊருக்கு கத்துக் குடுத்ததே நீதான். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு டெய்ரி சூப்பர்வைசர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கோடைக்காலம், பாதிச் சொம்பில் தண்ணீர். எல்லாருக்கும் டெய்ரியில் பால் ஊற்றுகிற கார்டு போய்விடும் என்று பெண்கள் கண்ணாலேயே கெஞ்சினார்கள். தாட்சாயணி ஒரே நல்ல எருமையின் பாலை எடுத்து அத்தனை சாம்பிள் பாட்டிலிலும் ஊற்றி வைத்தாள். சூப்பர்வைசர் பார்த்தார். எல்லாம் ஒரே எண். "ஊருக்கே ஒரே எருமையாம்மா?" என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் தாட்சாயணியை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அந்தப் புகழ் இத்தனை நாள் கழித்து இப்படிக் கையை நீட்டிக்கொண்டு வரும் என்று அவள் நினைக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூடாரம் போட்டார்கள். வராண்டாவில் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டு ஆளுக்கொரு குழாயைக் கையில் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனால் அங்கே திரைக்குள்ளே ஒருவன் தொண்டையில் குச்சி விடுவான். சுவருக்கு இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் சிரஞ்சீவி நின்றான். கையில் மூன்று சட்டை, ஒரு துண்டு, ஒரு தொப்பி. ஒவ்வொருவரும் குழாயை அவனிடம் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவன் நீலச் சட்டையில் போனான், வந்தான். கட்டம் போட்ட சட்டையில் போனான். தலையில் துண்டு சுற்றிப் போனான். திரைக்குள்ளே நின்றவனின் கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. அவன் குழாயின் எண்ணைப் பார்த்தான், வாயைத் திறக்கச் சொன்னான்.

"யம்மா, தொண்ட வெந்துபோச்சி" என்று ஏழாவது தரம் வந்து உட்கார்ந்தான் சிரஞ்சீவி. "மெம்பரே, ஐஸ்கிரீம் வாங்கி குடுக்கணும் நீ."

"இன்னும் மூணு கீது. உன் பொண்டாட்டிது, உங்கம்மாது, என்னுது. மவராசனா போய்ட்டு வா."

தாட்சாயணி தன் குழாயைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். குச்சி உள்ளே போனபோது கண்ணில் தண்ணீர் வந்தது. திரும்பி வரும்போது மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஹரிதா மட்டும் "வலிச்சிதாக்கா?" என்றாள். சுந்தரம்மா மருமகளின் தொடையில் கிள்ளினாள்.

நான்காம் நாள் மத்தியானம் போன்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. முதலில் ரமணாவுடையது. அப்புறம் சுந்தரம்மாவுடையது. அப்புறம் அந்தத் தெரு முழுக்க. பத்துப் பேருக்கும் நோய் இருக்கிறது என்று செய்தி. பதினோராவதாக ஒலித்தது தாட்சாயணியின் போன். அவளுக்கு இல்லை.

போன வாரம் சுத்தமாக இருந்த சிரஞ்சீவியின் தொண்டை இந்த வாரம் சுத்தமாக இல்லை. இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் படிப்பு வேண்டியிருக்கவில்லை. ஆனால் வாய் திறக்க ஒருவராலும் முடியவில்லை. ஏமாற்றினோம் என்று சொன்னால் கேஸ். நோய் என்று ஒத்துக்கொண்டால் பதினான்கு நாள்.

"எவனும் வாயத் தொறக்கக் கூடாது" என்று ரமணா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனான். "ஆஸ்டல்ல கொண்டுபோயி வெப்பானுங்க. முட்ட போடுவானுங்க. துன்னுட்டு வரலாம்." தாட்சாயணி வீட்டு வாசலில் வந்ததும் நின்று, உள்ளே பார்த்துத் துப்பிவிட்டுப் போனான்.

மூன்று மணிக்குப் பஸ் வந்தது. கூட ஒரு ஜீப், அதில் மண்டல டாக்டரம்மா பத்மாவதி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் திருப்பதிப் பக்கம் ஒரு காலேஜ் ஆஸ்டல். பிள்ளைத்தாச்சிக்கு மட்டும் வேறு இடம். திருப்பதியில், நோய் வந்த கர்ப்பிணிகளை மட்டும் வைக்கிற வார்டு. ஹரிதா பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்து நின்றாள். அவள் வாயில் ஒருவரும் குச்சி விடவில்லை. அவளுக்கு இருக்கிறதோ இல்லையோ, ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே அவளை நோய்க்காரர்களுக்கு நடுவில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கப்போகிறார்கள். சுந்தரம்மா தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் அவளும் சொல்லவில்லை. மகன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹரிதா பஸ் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, பயமா கீதுக்கா" என்றாள். ஊரில் வேறு யாரையும் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை.

தாட்சாயணி ஜீப்பை நோக்கி நடந்தாள். ரமணா பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டான். "அண்ணி! ஏய்! இன்னா பண்ணப் போற நீ?" என்றான். அவள் திரும்பவில்லை. அவளுக்குத் தெரிந்தது சந்தைத் தெலுங்குதான். அதிலேயே சொன்னாள். பத்துக் குழாயும் ஒரே ஆளுடையது. அந்தப் பெண் தன்னுடையதைக் கொடுக்கவே இல்லை. அவளை அந்த வார்டில் போடாதீர்கள்.

டாக்டரம்மா முதலில் நம்பவில்லை. "ஏமம்மா, நிஜமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் தாட்சாயணி குரலை உயர்த்தினாள். ஏரிமேட்டில் அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "பொழுதெல்லாம் இந்தக் கவசத்தில் வெந்து சாகிறோம். எங்களை எருமை மேய்க்கிறவர்கள் என்று நினைத்தீர்களா?" என்று தெலுங்கில் கத்தினாள். எல்லாரையும் பஸ்ஸைவிட்டு இறக்கி, பதினைந்து நிமிஷத்தில் சொல்கிற கிட்டை எடுத்து வரிசையில் நிறுத்தினாள். இந்தத் தரம் பெயரையும் முகத்தையும் பார்த்து, ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்தார்கள்.

சிரஞ்சீவிக்கு இருந்தது. இரண்டாவதாக இன்னொருவனுக்கும் இருந்தது, ஒரு தும்மல்கூட இல்லாமல், வெள்ளைச் சட்டையில் ஊர் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கிய ரமணாவுக்கு. மற்ற எட்டுப் பேருக்கும் இல்லை. ஹரிதாவுக்கும் இல்லை.

"இன்றைக்கு இல்லை என்பது மட்டும்தான் இதற்கு அர்த்தம்" என்றாள் டாக்டரம்மா. "புருஷனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். தனியாக வையுங்கள். மறுபடியும் எடுப்பேன்." மறுபடியும் எடுத்தார்கள், பெரிய டெஸ்ட். அதிலும் இல்லை என்றே வந்தது. பன்னிரண்டாம் நாள் சத்தியவேட்டு ஆஸ்பத்திரியில் ஹரிதாவுக்குப் பெண் பிறந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் தாட்சாயணிக்கு ஒரு கும்பிடு கிடைத்திருக்கும். டாக்டரம்மா ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். கேஸ் போடவில்லை, ஆனால் காகிதம் கம்பெனிக்குப் போயிற்று. ஆஸ்டலில் இருக்கும்போதே சிரஞ்சீவிக்குப் போன் வந்தது, இனிமேல் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று. ஒன்பது பேருக்காகத் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டவனுக்கு அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பரிந்து பேசப் போகவில்லை. ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒன்று சொன்னார்கள்: "அந்த ஊமைச்சிதான் அவன் சோத்துல மண்ணப் போட்டா."

வேதாசலம் தடாவிலிருந்து போன் செய்தான். "நீ ஏன் போயி சொன்னே? அவ மாமியா பாத்துக்க மாட்டாளா?"

"பாத்துக்கினுதான் இருந்தா" என்றாள் தாட்சாயணி. போனை வைத்துவிட்டாள்.

ரமணா ஆஸ்டலிலிருந்து நான்கு கிலோ கூடித் திரும்பி வந்தான். வந்ததும் முதல் வேலையாக ஒரு பிரைவேட் பால் வண்டியைத் தன் வீட்டு வாசலுக்கு வரவழைத்தான். அங்கே மீட்டர் கிடையாது, எண் கிடையாது. ஊற்றினால் வாங்கிக்கொள்வார்கள். கம்பு அவிழ்த்து டெய்ரி வேன் மறுபடியும் வந்தபோது தாட்சாயணி சென்டரைத் திறந்தாள். ஒரு சொம்பும் வரவில்லை. பெண்கள் அவள் வாசல் வழியாகவே, தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்துக்கொண்டு ரமணா வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "டாக்டரம்மா கீறாங்களா உள்ள?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வேன் டிரைவர் காலிக் கேனை எடுத்துக்கொண்டு போய்க் காலிக் கேனையே கொண்டு வந்தான். இப்படி ஒன்பது நாள். மாசக் கடைசிக்குள் பால் வராவிட்டால் சென்டரை மூடிவிடுவோம் என்று டெய்ரி சொல்லிவிட்டது.

பத்தாம் நாள் காலை, வெயில் ஏறிய பிறகு, சுந்தரம்மா வந்தாள். சொம்பைப் பலகைமேல் ணங்கென்று வைத்தாள். அவள் தாட்சாயணியின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரிடம் பேசினாள்.

"அங்க எல்லா பாலையும் ஒண்ணாக் கொட்றானுங்க. எவளோ தண்ணி கலந்து ஊத்தறா, வண்டிக்காரன் ஊருக்கே வெலய கொறச்சிட்டான். எம் பாலு இன்னா பாவம் பண்ணிச்சி? தனியா பாத்து எழுது."

தாட்சாயணி ஒரு கரண்டி எடுத்துக் குவளையில் ஊற்றினாள். மீட்டரை விட்டாள். அது இறங்கிற்று, ஆடிற்று, நின்றது. இருபத்திநாலு.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். தெருவில் யாரும் இல்லை. சென்டருக்கென்று ஊரில் மிச்சமிருந்த ஒரே சொம்பு. இருபத்தெட்டு என்று எழுதினால் நாளைக்கு இரண்டு சொம்பு வரும், மறுநாள் நாலு வரும். தாட்சாயணி நோட்டைப் பிரித்தாள்.

"இருபத்திநாலு" என்றாள் வாய்விட்டு.

"ஏன், என் எருமைக்கும் கொரோனாவா?" என்று கத்தினாள் சுந்தரம்மா. "எம் புள்ளைய முடிச்சிட்டே. இப்ப எருமைகிட்ட வந்துட்டியா? நல்லா கீற பாலு, எழுதுடி ஒழுங்கா!"

தாட்சாயணி இருபத்திநாலு என்று எழுதினாள். பாலைக் கேனில் ஊற்றிச் சொம்பைக் கழுவித் திருப்பி வைத்தாள். குவளையில் இருந்த சாம்பிளைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டுச் சின்ன டம்ளரில் ஊற்றினாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி இப்போதைக்கு நடந்து வர முடியாது. முதல் தடவையாக வழக்கத்தை மீறி டம்ளரை மூடி சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஹரிதாவுக்கு" என்றாள்.

சுந்தரம்மா அதைத் தொடவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். நின்றாள். திரும்பி வந்து டம்ளரைப் பிடுங்குகிற மாதிரி எடுத்தாள். கொஞ்சம் பால் தளும்பிக் கையில் சுட்டது.

"நாளைக்கும் இதே மாரி நம்பர் சொன்னே, மொத்த பாலையும் உந்தலைலயே ஊத்திட்டுப் போய்டுவேன், பாத்துக்க" என்றாள்.

தாட்சாயணி தலையை ஆட்டினாள். மீட்டரைக் கழுவித் துடைத்து, நாளைக்கு எடுக்க வசதியாகப் பலகைமேலேயே வைத்தாள்.